முந்தைய லாட்டோடு ஒத்துப்போன மஞ்சள்

எங்கள் சாயப்பட்டறை லேபில் ஒரு முக்காலி கிடக்கிறது. கலர் மாஸ்டர் உட்காருவதற்கென்று முதலாளி வாங்கிப் போட்டது. மாஸ்டர் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கை துடைக்கிற துண்டு உட்காரும், சில நாள் என் சாப்பாட்டுப் பை உட்காரும். மாஸ்டருக்கு மட்டும் கால் ஓரிடத்தில் நிற்காது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதியைத் தரையில் சிந்திவிட்டு, யார் சிந்தியது என்று என்னையே கேட்பார்.

பட்டறையில் அவருக்கு 'இன்னொருதடவை' என்று பெயர். யாராவது சாயம் ஏற்றிய துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து நீட்டினால் வாங்கிப் பார்ப்பார், சரி என்று தலையாட்டுவார், திருப்பிக் கொடுப்பார். கொண்டுவந்த ஆள் கதவைத் தாண்டுவதற்குள், "இன்னொரு தடவை குடு" என்பார். வீட்டிலும் அதே கதைதான். அவர் குடியிருப்பது கீழ்வீடு, நான் மேல்வீடு. காலையில் பூட்டுகிற சத்தம் கேட்கும், செருப்புச் சத்தம் தெருமுனைவரை போகும், திரும்பி வரும், பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் நான் கிளம்புவேன்.

என் வேலை லேபில் சாயப்பொடி எடை போடுவது. எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். எடை போடுகிறவளுக்கு எப்படிப் பொறுமை இல்லாமல் போகும் என்று கேட்பார்கள். தராசோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, மனிதர்களோடுதான். பட்டறையில் நான் அவரை மாஸ்டர் என்பேன், வீட்டுப் படிக்கட்டில் கால் வைத்ததும் தம்பி என்பேன். திட்டுவதற்குத் தம்பிதான் வசதி.

ஆனால் கலர் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. தொட்டி கழுவ வந்த ஆள், பார்த்துப் பார்த்தே மாஸ்டர் ஆனவர். கலர் பார்ப்பதற்கென்று சாம்பல் நிறம் அடித்த ஒரு மூலை வைத்திருந்தார். அங்கே இருக்கும் லைட் பாக்ஸுக்குள் துணியை வைத்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டார். குண்டு பல்பு வெளிச்சத்தில் கலர் பார்க்கிறவனை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்பார். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. எத்தனை லாட் ஓடினாலும், அதாவது ஒரே கலரை எத்தனை தவணையாகத் தொட்டியில் ஏற்றினாலும், ஒவ்வொன்றையும் வாடிக்கையாளர் கொடுத்த ஒரிஜினல் துணியோடுதான் ஒப்பிட வேண்டும். முந்தைய லாட்டோடு ஒப்பிடவே கூடாது. ஒரு லாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, எல்லாமே சரி என்று தோன்றும், கடைசியில் முதல் லாட்டையும் கடைசி லாட்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு துணியாக இருக்கும். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதை அவர் சொல்வார். இரண்டாம் நாளும் சொல்வார்.

அவர் மனைவி தையல் யூனிட்டில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறவள். அவருக்கு நேர்மாறு. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள், சிரித்துக்கொண்டே அவரை வாருவாள். "அக்கா, என் கழுத்துல தாலி கட்டினப்பவும் இன்னொரு தடவைன்னு கேட்டிருப்பாரு, கூட்டம் இருந்ததால விட்டுட்டாரு" என்பாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் அவள் உண்டானாள். அந்த மாதங்களில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. டீ நேரத்தில் ஓடுவார், சாப்பாட்டு நேரத்தில் ஓடுவார், வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நல்லாத்தான் இருக்கா என்று எனக்கு வந்து சொல்வார், நான் கேட்காமலே.

நாள் நெருங்குவதற்கு முன்பே, இன்னும் ஒரு மாதம் பாக்கியிருக்கும்போதே, வலி வந்துவிட்டது. பிரசவம் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் குழந்தையின் தலையில் கிண்ணம் போன்ற ஒன்றை ஒட்டவைத்து உறிஞ்சித்தான் வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. உச்சந்தலைக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். மற்றபடி கை கால் எல்லாம் அம்சமாக இருந்தாள். மாஸ்டர் அவளைத் தூக்கவே பயந்தார். என் கையில் கொடுத்துவிட்டு, என்னைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவள் வீறிட்டு அழுதாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார், நிற்க முடியாமல் வெளியே போய்விட்டார். பரிசோதனையில் மஞ்சள் காமாலையின் அளவு பயப்படும்படி இல்லை என்று சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வார்டு நர்ஸ், கண்டிப்பான பெண்மணி, அவரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"மஞ்சள்னு கேட்டா பதறாதீங்க. பத்துக் குழந்தை பொறந்தா ஆறுக்கு வரும். நாளுக்கு முன்னாடி பொறந்ததுன்னா எட்டுக்கு வரும். முக்கால்வாசி தானா வந்து தானா போயிடும். ஆனா உங்க பாப்பா முன்னாடியே வந்துட்டா, தலையில ரத்தம் கட்டியிருக்கு, அம்மா ரத்தம் ஓ குரூப், பாப்பாவுது ஏ. பாலும் இன்னும் சரியா குடிக்கல. இதுல ஒண்ணு இருந்தாலே நாங்க கவனமா இருப்போம், இவளுக்கு எல்லாம் சேர்ந்திருக்கு. இனிமேதான் ஏறும். நாளன்னிக்குக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. பாக்க நல்லா இருந்தாலும் கூட்டிட்டு வாங்க."

ரொம்ப ஏறினால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். மூளையில் போய்ப் படியும், காது கேட்காமல்கூடப் போகலாம் என்று நர்ஸ் மறைக்காமல் சொன்னார். அவ்வளவு தூரம் போக விடாமல் தடுக்கத்தான் வரச் சொல்கிறோம் என்றும் சொன்னார். மாஸ்டர் அதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்பும்.

"கலர் பாக்கறதுதான் சிஸ்டர் எங்க தொழில். ஒரு இம்மி ஏறினாலும் என் கண்ணுக்குத் தப்பாது."

துணி வேறு, தோல் வேறு, ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார் நர்ஸ். நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்துத் தெரியும், அந்த இடத்தில் மஞ்சள் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணின் வெள்ளையைப் பாருங்கள், பாதம்வரை இறங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள் என்று விளக்கினார். மாஸ்டர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு எப்போதும் குறை இல்லை.

வீடு வந்து சேர்ந்தோம். அந்த வாரம் பட்டறையில் பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டலின் எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை, ஒரே மஞ்சள், லாட் லாட்டாக. முதலாளி இன்னும் ஆர்டர் பிடிக்கலாம் என்று ஒரிஜினல் துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார். வெட்டி வைத்துக்கொள்ள ஒரு முனையாவது கொடுங்கள் என்று மாஸ்டர் மன்றாடினார், வாடிக்கையாளர் கொடுத்ததை வெட்டக்கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு லாட்டையும் முந்தைய லாட்டோடு ஒப்பிட்டுத்தான் தள்ளினோம். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அவருடைய சட்டத்தை அவரே மீறுகிறார் என்று நான் வாருவதற்குக்கூட அப்போது நேரம் இருக்கவில்லை.

பட்டறையில் மஞ்சள், வீட்டுக்கு வந்தால் இன்னொரு மஞ்சள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூடு குறையக்கூடாது என்று குழந்தையை உள்ளறையில் படுக்கவைத்திருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் பெயருக்குத்தான். அதிலும் பட்டறையில் மீந்த சந்தன நிறத் துணியை மாஸ்டரே திரையாகத் தைத்து மாட்டியிருந்தார். மேலே ஒரு குண்டு பல்பு. அவர் நுழைவார், குனிவார், அழுத்திப் பார்ப்பார், போன தடவை பார்த்ததை நினைத்துக்கொள்வார். "ஏறல. காலையில இருந்த மாதிரியேதான் இருக்கு" என்பார். டீ நேரத்தில் வந்து பார்ப்பார். காலையில் பார்த்த மாதிரியே இருக்கும். சாயங்காலம் பார்ப்பார். டீ நேரத்தில் பார்த்த மாதிரியே இருக்கும். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை பார்ப்பார். அவ்வளவு தடவை எந்தத் தகப்பனும் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டான்.

நர்ஸ் சொன்ன நாள் வந்தது. கிளம்பலாம் என்று மனைவி பையை எடுத்து வைத்திருந்தாள். பெண்ணைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். மாஸ்டர் வந்தார், பார்த்தார், வேண்டாம் என்றார். ஏறவே இல்லாத மஞ்சளுக்கு எதற்கு அந்தப் பிஞ்சுக் காலில் இன்னொரு ஊசி என்றார். அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். சிஸ்டர் என்ன வேலையில்லாமலா வரச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அக்கா, நான் மணிக்கொரு தடவை பாக்கறேன். நீங்க இதுக்குள்ள எத்தனை தடவை பாத்தீங்க?"

அவர் கண்ணுக்கு முன்னால் நான் யார்? தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கண் சரி என்று சொன்ன பிறகுதான் நான் பொடியை எடுத்துவைப்பேன். மனைவியும் பையைக் கீழே வைத்துவிட்டாள். ஊரே அவர் கண்ணை நம்பும்போது அவள் மட்டும் எப்படி நம்பாமல் இருப்பாள்? காலை வெயிலில் கொஞ்சம் காட்டினால் போதும் என்று முடிவாகி, வாசலில் வெயில் விழுந்த இடத்தில் மனைவி குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயாவது அவர் உற்றுப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் அவர் பட்டறையில், அடுத்த லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு நாளில் குழந்தை ரொம்ப சமத்தாகிவிட்டாள் என்று நாங்கள் எல்லோரும் கொஞ்சினோம். அழுவதே இல்லை. எழுப்பினால் ஒரு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவாள். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

மறுநாள் மதியம் முதலாளி ஊரிலிருந்து திரும்பினார். நேராக லேபுக்கு வந்தார், பையிலிருந்து ஒரிஜினலை எடுத்தார், அன்று காலை இறக்கிய லாட்டிலிருந்து ஒரு துண்டைக் கேட்டார். இரண்டையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரிஜினல் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. நாங்கள் சாயம் ஏற்றியது பழுத்த மஞ்சள். குருடன்கூடச் சொல்லிவிடுவான் என்று முதலாளி ஆரம்பித்தார். எப்படி மாஸ்டர், உங்கள் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று கேட்டார்.

மாஸ்டர் முதல் லாட்டின் துண்டை எடுத்து ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒத்துப்போனது. அதற்குப் பக்கத்தில் அடுத்தது, அடுத்தது, வரிசையாக வைத்துக்கொண்டே போனார். பக்கத்துப் பக்கத்துத் துண்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வரிசையின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தார். முகம் பேயறைந்தது போல ஆயிற்று.

"அக்கா," என்றார், "நான் அவளை எதோட ஒப்பிட்டுப் பாத்துட்டிருந்தேன்?"

அடுத்த நொடி ஆள் அங்கே இல்லை. முதலாளி ஆர்டரைப் பற்றி ஏதோ கத்தினார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரனோடு அவர் பின்னால் ஓடினேன். டெலிவரி வேன் டிரைவர் வாசலில் துணி ஏற்றிக்கொண்டிருந்தார், அவரையும் வரச் சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் குழந்தையை உள்ளறையிலிருந்து அள்ளிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்துவிட்டார். படிக்கட்டில் நல்ல பகல் வெளிச்சம். மனைவி பின்னாலேயே, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் சட்டைப்பையைத் துழாவினார், சுற்றும் முற்றும் பார்த்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. என் ஏப்ரன் பையில் சலவை செய்த வெள்ளைத் துணித் துண்டுகள் எப்போதும் கைவசம் இருக்கும், ஒன்றை எடுத்துக் குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு அவர் அவளுடைய பாதத்தைத் திருப்பினார்.

பாதமும் மஞ்சள். கண்ணைத் திறந்து பார்த்தோம், வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் அன்று காலையில் இறக்கிய லாட்டாக இருந்தது. அவ்வளவு பேர் தொட்டுப் புரட்டியும் அவள் அழவில்லை. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், வேனில் துணிச்சுருள்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. வாரிக்கொண்டே இருக்கிறவள் மௌனமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மாஸ்டர் வேனுக்குள்ளும் நின்றுகொண்டே வந்தார், ஒவ்வொரு வளைவிலும் மோதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தினார்கள். போன தடவை வீறிட்டவள் இந்தத் தடவை முனகினாள், அவ்வளவுதான். அந்த முனகல் மாஸ்டரை ஊசியைவிட மோசமாகக் குத்தியது. அளவு இருபதைத் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மாவுக்குத் திட்ட நேரமில்லை. உடனே விளக்குக்குக் கீழே போட வேண்டும், கீழேயும் மேலேயும் விளக்கு, அதிலும் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். குழந்தையின் துணியைக் கழற்றி, கண்ணுக்கு ஒரு பட்டை கட்டி, நீல வெளிச்சத்தில் படுக்கவைத்தார்கள்.

தன் பெண் ஒருத்திதான் அங்கே இருப்பாள் என்று மாஸ்டர் நினைத்திருந்தார் போலிருக்கிறது. அந்தக் கூடத்தில் வரிசையாக நீலத் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, கண்ணைக் கட்டிக்கொண்டு, கடற்கரையில் வெயில் காய்கிற ஆட்களைப்போல மல்லாந்து கிடந்தது. ஒரு தொட்டிலில் மாதம் முடியாமல் பிறந்தது. இன்னொன்றின் அம்மாவுக்கு இன்னும் பால் ஊறவில்லை. அடுத்த தொட்டிலின் அம்மா, கையில் பழத்தோடு, அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். மூத்தவனுக்கும் வந்தது, ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்ததற்கும் வர வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் சொன்ன தேதிக்கு வந்துவிட்டேன், நாளைக்கு வீட்டுக்கு என்றாள். சொன்ன தேதிக்கு வந்துவிட்டேன் என்று அவள் சாதாரணமாகச் சொன்னதில் எங்கள் மூன்று பேருக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாஸ்டர் அன்று டாக்டர் அம்மாவைத் துளைத்தெடுத்தார். தன் கையில் இருக்கிற சாயம் ஒட்டியிருக்குமா என்று கேட்டார். கை வெளுத்துத் தோல் உரிகிற அளவுக்கு அதற்குள் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார். சாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். பழைய ரத்த அணுக்கள் உடைவதில் வருகிற மஞ்சள் இது, அதை வெளியேற்றப் பிஞ்சு ஈரலுக்கு இன்னும் பழக்கமில்லை, அதனால்தான் இத்தனை பேருக்கு வருகிறது. இவளுக்குத் தலையில் கட்டிய ரத்தமும் கரைய வேண்டும், அம்மாவின் குரூப் இவள் ரத்தத்தோடு ஒத்துப்போகாமல் அணுக்களை இன்னும் வேகமாக உடைக்கிறது, போதாததற்குப் பால் குறைவு. ஜன்னல் வெயில் வைத்தியம் இல்லை என்றும் சொன்னார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவளுக்குக் காது கேட்குமா என்று கேட்டார். விரலைச் சொடுக்கினால் இப்போது எதுவும் தெரியாது, இறங்கட்டும், பிறகு டெஸ்ட் பண்ணுவோம் என்றார் டாக்டர் அம்மா.

இறங்கியது. ரத்தம் மாற்றுகிற அளவுக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் அழ ஆரம்பித்தாள், பசித்து அழுதாள், அந்த அழுகையைக் கேட்டுத்தான் மனைவி முதன்முதலாக வாயைத் திறந்தாள். மாஸ்டரைப் பார்த்து அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் பை எடுத்து வச்சேன்," என்றாள். "உங்க கண்ணை நம்பித்தான் கீழ வச்சேன்."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மறுபடியும் சிரித்தாள், அவரை வாரினாள், வீடு பழையபடி ஆயிற்று. ஆனால் 'இன்னொரு தடவை' என்று சொல்ல வரும்போதெல்லாம் அவர் ஒரு கணம் நிறுத்துவார். உள்ளறையின் சந்தனத் திரையை அவரே கழற்றி எறிந்தார், குண்டு பல்பைக் கழற்றினார், இன்றுவரை அந்த வீட்டில் வெள்ளை விளக்குதான்.

காதுப் பரிசோதனையில் தலையில் கம்பிகளை ஒட்டி, அவள் தூங்கும்போது சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மனைவி அழுதுவிட்டாள், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாஸ்டர் நம்பவில்லை. தன் கண்ணையே நம்ப முடியாதவர் கம்பியை நம்புவாரா? இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லி நச்சரித்தார். அதுவும் சரியாக வந்தது. அதற்கும் அடங்காமல் அவள் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டுவார், தட்டைக் கீழே போடுவார். அவள் திரும்பிப் பார்த்தால், தட்டு விழுந்த அதிர்வில் திரும்பியிருப்பாள் என்பார். திரும்பாவிட்டால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். பேச ஆரம்பித்து, பாட ஆரம்பித்து, தெருவில் போகிற வண்டியெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டு உயிரை எடுக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும், மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்த மனுஷனுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? நான் முயற்சி செய்து, வழக்கம்போலப் பொறுமை இழந்து, விட்டுவிட்டேன்.

அவளுக்கு மூன்று வயதாகும்போது தம்பி பிறந்தான். இந்தத் தடவை மாதம் முடிந்துதான் பிறந்தான், பிரசவமும் சுலபம். எங்களுக்கு நினைவூட்ட யாரும் தேவைப்படவில்லை. மூத்தவளை நீல விளக்கில் வைத்ததையும், அம்மாவின் ரத்த குரூப்பையும் மாஸ்டர் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பிய பிறகு, நர்ஸ் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு முன்பாகவே எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய் நின்றார். நானும் போனேன், மூத்தவளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அதே நர்ஸ். எங்களை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் குறும்பாகவே மாஸ்டரைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், மஞ்சள் இருக்கா இல்லையா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நான் அந்த மனுஷனோடு பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். எந்தத் துணியைக் காட்டினாலும், எந்த நேரத்தில் காட்டினாலும், கலர் விஷயத்தில் அவர் வாயிலிருந்து வராத ஒரு பதில் உண்டு. அது அன்று வந்தது.

"எனக்குத் தெரியாது சிஸ்டர். நீங்க ரத்தம் பாருங்க."

நர்ஸ் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மனைவியையும் குழந்தையையும் உள்ளே அழைத்துப்போய்க் கனத்த கதவைச் சாத்தினார். அளவு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஒரு நாள் விளக்கில் இருந்து, இறங்கி, அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அப்போது எங்களுக்கு அது தெரியாது. மாஸ்டர் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஆட்கள் பேச்சு, தள்ளுவண்டிச் சத்தம், எங்கேயோ யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். மூத்தவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று என் விரலை இழுத்தாள்.

"தம்பி அழறான்."

இல்லையே என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் நடப்பதை நிறுத்தினார். அவருக்கும் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தார். நானும் வைத்தேன். கனத்த மரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு அறை தள்ளி, நூல் இழையாக ஒரு அழுகை கேட்டது. குதிகாலில் குத்தியிருப்பார்கள்.

மாஸ்டர் திரும்பி மகளைப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லு என்பார் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சுக்குப் போனார், அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு திறக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.